புகைக்கு உக்காந்தவ

எங்க வீட்டுல எழுதுறவ நான்தான். இத மொதல்லயே சொல்லிடுறேன். இப்ப பூம்பாறையில யாரக் கேட்டாலும் வேற பேரச் சொல்லுவாங்க, அதுக்காகச் சொல்றேன்.

கல்யாணத்துக்கு முந்தி நான் எழுதுன கதை ஒண்ணு வாரப் பத்திரிகையில வந்துச்சு. தேவசேனான்னு பேரு போட்டு, பக்கத்துல ஒரு படமும் போட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு செந்தில்வேல் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பிக்கு முந்தி அந்தப் பத்திரிகையத்தான் எங்க அப்பா நீட்டுனாரு. அன்னையிலருந்து ஊருக்குள்ள நான் கதை எழுதுற பொண்ணு. பஸ்ஸுல ஏறுனா, "என்ன மதினி, எங்களப் பத்தியெல்லாம் எழுத மாட்டீங்களா"ன்னு யாராச்சும் கேப்பாங்க. கேக்கக் கேக்க எனக்கு உச்சி குளுந்து போகும்.

அதுக்கப்புறம் நான் எதுவும் எழுதலங்கிறது வேற விசயம். ஏன் எழுதலன்னு கேளுங்க, நியாயம் இருக்கு. மலைப்பூண்டு வெள்ளாமைன்னா என்னன்னு நெனச்சீங்க. பாத்தி கட்டணும், ஊனணும், களை எடுக்கணும், புடுங்கணும், கொத்துக் கட்டணும். நடுவுல குழந்தை வேலப்பர் தேரு வரும். மகளுக்குப் பரீட்சை வரும். சீசன் வந்தா, கொடைக்கானல் லேக்கப் பாக்க வாரோம்னு சொந்தக்காரங்க பூராம் நம்ம வீட்டுலதான் வந்து படுப்பாங்க. ஒரு மேசை இருந்தா எழுதிறலாம்னு கொடைக்கானல்ல போயி ஒரு மேசை வாங்கிட்டு வந்தேன். இப்ப அதுமேல மிக்ஸியும் உர மூட்டையும் கெடக்கு. நோட்டு வாங்காத வருசம் கெடையாது. எழுதத்தான் நேரமில்ல.

இப்படிச் சொல்லிக்கிட்டு நானும் நிம்மதியாத்தான் இருந்தேன். அந்த நிம்மதியில மண்ணள்ளிப் போட வந்தா ரம்யா.

ரம்யா என் ஓரகத்தி, கொழுந்தன் ஜெயமுருகன் பொண்டாட்டி. பண்ணைக்காடுங்கிற ஊருக்காரி. காப்பித் தோட்டம், மொளகுக் கொடின்னு நெழல்ல வளந்த பொண்ணு. மாமியா கண்ண மூடுன பெறகு, யாருக்கு என்ன சோலின்னு வீட்டுல பிரிச்சு விடுறது நான்தான். வந்த வருசமே அவ தலையில புகைச் சோலியக் கட்டுனேன்.

புகைச் சோலின்னா, பூண்டப் புடுங்கித் தாளோட கொத்துக் கட்டி, கொட்டகைக்குள்ள கம்புல வரிசையாத் தொங்கவிட்டு, அடியில புகை போடுறது. புகை குடிச்ச பூண்டுதான் நாள்பட நிக்கும். அடுத்த வெள்ளாமைக்கு வெதையும் அதுலதான் இருக்கு. கட்டை பச்சையா இருக்கணும். கங்கு கனிஞ்சுக்கிட்டே இருக்கணும், எரிஞ்சிறக் கூடாது. எரிஞ்சா அடிவரிசைப் பூண்டு வெந்துரும். வெந்தது மொளைக்காது, விலைக்கும் போகாது. அதனால மத்தியானம் வரைக்கும் ஒரு ஆளு அங்கனயே உக்காந்து பாக்கணும். கண்ணு எரியும், சீலையெல்லாம் நாறும், மூக்கச் சிந்துனா கரி வரும். எனக்கு அத நெனச்சாலே தலைவலி வந்துரும்.

மொகத்தச் சுளிப்பா, ரெண்டு நாள்ல அழுதுக்கிட்டு ஜெயமுருகன்ட்டப் போயி நிப்பான்னு எதிர்பாத்தேன். அவ என்னடான்னா, "சரிக்கா"ன்னு சொல்லிட்டு, கையில ஒரு புஸ்தகத்த எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்துட்டா.

ஒரு நா ரெண்டு நா இல்ல, தெனமும். ரெண்டு பக்கம் படிப்பா, குனிஞ்சு கங்கப் பாப்பா, பச்சைக் கட்டை ஒண்ணத் தள்ளுவா, திரும்பப் படிப்பா. அந்தப் புகையில எப்படித்தான் கண்ணு தெரியுமோ. ஞாயித்துக்கெழமை சந்தைக்கு ஜெயமுருகன் லோடு ஏத்திட்டுப் போறப்ப இவளும் கூடப் போவா. அவன் மூட்டைய எறக்கிக்கிட்டு இருக்கிற நேரத்துல இவ லைப்ரரிக்குப் போயி புஸ்தகத்த மாத்திட்டு வந்து நிப்பா. காச்சல் அடிச்ச வாரம் கூட மப்ளரச் சுத்திக்கிட்டுப் போனா. எனக்கும் அந்த லைப்ரரியில கார்டு இருந்துச்சு. எங்க இருக்குன்னு தேடணும்.

படிக்கிறதோட நிறுத்திருந்தாலும் பொறுத்திருப்பேன். எழுதவும் ஆரம்பிச்சா. அதுக்கு நோட்டு வேணும், மேசை வேணும்னு கேட்டாளா, இல்ல. தெனமும் கிழிக்கிற காலண்டர்த் தாளு இருக்குல்ல, அதோட முதுகுல எழுதுனா. உள்ளங்கை அகலத் தாளு. அது நெறஞ்சதும் நிறுத்திருவா. "அதுக்கு மேல எழுதுனா மறுநா எழுதத் தோணாதுக்கா"ன்னு எனக்கு வியாக்கியானம் வேற.

எங்க வீட்டுல காலண்டரக் கிழிக்கிறது நானு. வெள்ளனே எந்திரிச்சு, வாசல் தெளிச்சு, நல்ல நேரம் பாத்து, நேத்துத் தாளக் கிழிச்சு அவகிட்டக் குடுக்கணும். நானே என் கையால குடுக்கணுமாம். கொஞ்ச நா குடுத்தேன். அப்புறம் அந்தத் தாள வச்சுத் தோசைக்கல்லு எண்ணெயத் தொடைக்க ஆரம்பிச்சேன். "அடடா, மறந்துட்டேன் ரம்யா"ன்னு சொல்லுவேன். அவ வெதைப் பாக்கெட்டப் பிரிச்சு அதோட உள்பக்கத்துல எழுதுனா. அதுவும் கெடைக்கலன்னா சந்தையில குடுத்த துண்டுச் சீட்டுல எழுதுனா. அவளுக்குக் கைகாலக் கட்டிப் போட்டாலும் பல்லுல பேனாவக் கடிச்சுக்கிட்டு எழுதிருவான்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

எழுதுனத எங்கிட்ட மறைக்கவும் மாட்டா. "அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க, நீங்கதான் பத்திரிகையில எழுதுனவங்க"ன்னு கொண்டாந்து நீட்டுவா. வாங்கிப் பாத்தா, கொட்டகைக்கு மேல இருக்கிற எங்க மேக்காட்டுல எருமை எறங்குனதப் பத்தியோ, கொழுந்தன் வண்டியத் தள்ளுனதப் பத்தியோ நாலு வரி இருக்கும். ஜோடனை ஒண்ணும் இருக்காது. ஆனா எருமை கண்ணு முன்னாடி வந்து நிக்கும். நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு மனசு வராது. "எழுத்துப் பிழை நெறைய இருக்கு பாரு"ன்னு சொல்லித் திருப்பிக் குடுப்பேன். மறுநா அந்தப் பிழை இருக்காது. அதுக்கும் எனக்கு எரியும்.

சாமி சத்தியமா, அவ நல்லவ. கெட்டவளா இருந்தா எனக்கு எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும்.

இந்தக் கார்த்திகையில ஒரு சாயங்காலம் எம்மக ஸ்வேதா பள்ளிக்கூடத்துலருந்து துள்ளிக்கிட்டு வந்தா. எட்டாப்புப் படிக்கிறா.

"சித்தி எங்கம்மா? டீச்சர் சித்தியக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"இலக்கிய மன்றத்துல பேசறதுக்கு. வீட்டுல எழுதுறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. எங்க சித்தி எழுதுவாங்கன்னு சொன்னேன்."

நான் அரிஞ்சுக்கிட்டு இருந்த பீன்ஸக் கீழ வச்சேன். "அப்ப நான் யாருடி?"

அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. "நீ அம்மா"ன்னா.

அவ வெகுளித்தனமாத்தான் சொன்னா. பெத்த மகளுக்குக்கூட நான் எழுதுறவங்கிறது தெரியல. தெரியுற மாதிரி அவ பொறந்ததுலருந்து நான் எதுவும் செய்யலயே. அன்னைக்கு ராத்திரிச் சோறு எனக்கு எறங்கல. எல்லாம் அந்தப் புகைக் கொட்டகைதான் காரணம்னு தோணுச்சு. யாரும் கூப்பிடாத, யாரும் வராத எடம். மத்தியானம் வரைக்கும் அப்படியொரு நேரத்த எங்கையால தூக்கி அவளுக்குக் குடுத்துட்டேனே. அது எனக்குக் கெடைச்சிருந்தா நான் இந்நேரம் நாலு புஸ்தகம் போட்டிருப்பேன்.

மறுநா ஆம்பளைங்க ரெண்டு பேரும் பிக்கப்புல லோடு ஏத்திக்கிட்டு இருட்டோட கொடைக்கானலுக்குக் கெளம்புனாங்க. ரம்யா வழக்கம்போல புஸ்தகத்தோட வந்து நின்னா. "இன்னைக்கு நீ மேக்காட்டுக்குப் போயி கேரட்டுக்குக் களை எடு. புகைக்கு நான் உக்காந்துக்கிறேன். இனிமே நான்தான் உக்காருவேன்"னேன்.

அவ மொகம் ஒரு நிமிசம் வாடிப் போச்சு. அதப் பாக்கத்தானே நானும் காத்திருந்தேன். பாத்தேன். "கண்ணு எரியும்க்கா"ன்னு மட்டும் சொன்னா. புஸ்தகத்தக் கொட்டகையில இருந்த பலகை மேல வச்சுட்டு, களைக்கொத்த எடுத்துக்கிட்டு மேல ஏறிட்டா.

நான் புது நோட்டோட போயி உக்காந்தேன். 'பனி போர்த்திய மலை முகடுகளின் மடியிலே' அப்படின்னு ஆரம்பிச்சேன். எனக்கே சிரிப்பு வந்துச்சு, அடிச்சுட்டேன். வேற ஒண்ணு எழுதுனேன், அதையும் அடிச்சேன். கங்கப் பாத்தேன், கட்டையத் தள்ளுனேன். போன் வீடியோவுல யாரோ மீன் கொழம்பு வைக்கிறத முழுசாப் பாத்தேன். கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகிக்கிட்டு இருக்கு, எழுத ஒரு வரி வரல. நேரம் இருந்தா எழுதிருவேன், எழுதிருவேன்னு இத்தன வருசமாச் சொல்லிட்டு இருந்தேனே, இந்தா நேரம் கெடக்கு முன்னால. அப்ப எனக்குக் குப்புன்னு பயம் வந்துச்சு. ஒருவேளை எனக்கு நேரம்தான் இல்லைங்கிறது பொய்யோன்னு.

பலகை மேல அவ புஸ்தகம். பாதியில ஒரு ஈர்க்குச்சிய அடையாளத்துக்கு வச்சிருந்தா. அதப் பாக்கப் பாக்க ஆத்திரம் பொங்கிட்டு வந்துச்சு. என்ன நெனச்சேனோ, நோட்டத் திருப்பி, 'அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது' அப்படின்னு எழுதுனேன்.

அம்புட்டுதான். மடை தொறந்த மாதிரி வந்துச்சு. காலண்டர்த் தாளு, எண்ணெய், எருமை, ஈர்க்குச்சி, 'நீ அம்மா', எல்லாம் வருது. கையி நோவுது, நிறுத்த முடியல. கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவ இப்படி வந்துச்சு, அதுக்கப்புறம் இப்பத்தான். சடசடன்னு சத்தம் கேட்டுச்சு. மழைன்னு நெனச்சு, நல்லதாப் போச்சுன்னு அடுத்த பக்கத்தத் திருப்புனேன்.

என் தோளப் புடிச்சு யாரோ வெளியில இழுத்தாங்க. ரம்யா. மேக்காட்டுலருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருக்கா. "புகை நெறம் மாறுச்சுக்கா, மேல இருந்து பாத்தேன்"னு சொல்லிக்கிட்டே கொடத்தத் தூக்கிட்டு உள்ள ஓடுனா. அப்பத்தான் நான் திரும்பிப் பாக்கேன். கங்கு தீயாகி, அடிவரிசையத் தொட்டுக்கிட்டு நிக்கு. அவ கொடம் கொடமா ஊத்தி அமத்துனா. நான் நோட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசல்ல நின்னு இருமிக்கிட்டு இருந்தேன்.

வெதைக்குன்னு வச்சிருந்த அடிவரிசை பூராம் போச்சு. ஊரே பூண்டு வறுத்த வாசம். அந்த வழியாப் போன பக்கத்துக் காட்டு வேலுமணி, "என்ன மதினி, இன்னைக்கு வீட்டுல விருந்தா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

பிக்கப்பு வந்து நின்னுச்சு. வண்டியில இருந்து எறங்குறப்பவே எங்க வீட்டுக்காரருக்கு வாசம் புடிச்சிருச்சு. ரெண்டு பேரும் ஓடி வந்து பாக்காங்க. கொட்டகைக்குள்ள ரம்யா, மொகமெல்லாம் கரி, கையில கொடம். காலடியில நனஞ்ச புஸ்தகம். வேற என்ன சாட்சி வேணும்.

"சொன்னேன்ல, சொன்னேன்ல"ன்னு ஜெயமுருகன் கத்துனான். "புஸ்தகத்துக்குள்ள தலைய விட்டா இவளுக்கு ஒலகம் தெரியாதுன்னு சொன்னேன்ல. வெதைய வேக வச்சுட்டு நிக்கிறா பாருண்ணே." வீட்டுக்குள்ள போயி அவ சேத்து வச்சிருந்த புஸ்தகம், தாளு அத்தனையும் ரெண்டு கையால வாரிட்டு வந்துட்டான். "இன்னையோட சரி. லைப்ரரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எல்லாத்தையும் தீயில போடுறேன்."

ரம்யா வாயத் தொறந்தா. என்னையப் பாத்தா. மூடிக்கிட்டா.

நான் வாயத் தொறக்காட்டி முடிஞ்சிருக்கும். அவ படிக்கிறதும் எழுதுறதும் அன்னையோட நின்னிருக்கும், நான் ஒரு விரலக்கூட அசைக்க வேண்டியதில்ல. அந்த நெனப்பு எனக்கு வந்துச்சு. வரலன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா எழுதிக்கிட்டு இருந்தது நானு. இத்தன வருசத்துக்கு அப்புறம் தீ புடிச்சது தெரியாத அளவுக்கு எழுதுனவ நானு. அதையும் அவ பேருல எழுதிட்டுப் போறாங்களேன்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம்.

"அவ இல்ல தம்பி. நான்தான் உக்காந்திருந்தேன். எழுதிக்கிட்டு இருந்தேன், கவனிக்கல"ன்னேன்.

ஜெயமுருகன் என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனான். "மதினி, உங்க மனசு தெரியும். அவளுக்காகப் பொய் சொல்லாதீங்க."

"பொய் இல்ல தம்பி."

எங்க வீட்டுக்காரரு கோவத்துக்கு நடுவுலயும் சிரிச்சுட்டாரு. "நீ எழுதி எத்தன காலமாச்சு தேவு. நீயாவது, எழுதி, தீ புடிக்கிறதாவது. விடு புள்ள, நீ இதுல தலையிடாத."

என்னைய அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது. நோட்டப் பிரிச்சேன். எத வாசிக்கப் போறோம்னு எனக்குத் தெரியும். எதுக்க யாரு நிக்கான்னும் தெரியும். வாசிச்சேன்.

"அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது."

நான் நிறுத்தல. காலண்டர்த் தாள்ல எண்ணெய் தொடைச்சத வாசிச்சேன். நல்லா இருக்குன்னு சொல்ல முடியாம பிழை புடிச்சத வாசிச்சேன். அவ மொகம் வாடுறதப் பாக்க ஆசைப்பட்டத வாசிச்சேன். எங்க வீட்டுக்காரரு, "போதும் புள்ள"ன்னாரு. போதாது. கடைசிப் பக்கத்துல, பாதி வார்த்தையில நின்னுச்சு. "இவ்வளவுதான். இதுக்குள்ள தீ ஏறிருச்சு"ன்னேன்.

ஜெயமுருகன் கையில இருந்ததையெல்லாம் மெதுவாக் கீழ வச்சான். "வேலுமணி வீட்டுல வெதை கேட்டுப் பாப்போம்"னு சொல்லிட்டு எங்க வீட்டுக்காரரு வெளிய நடந்துட்டாரு, கூடவே தம்பியும் போயிட்டான்.

நானும் ரம்யாவும் நின்னோம். அவ திட்டுவான்னு நின்னேன். திட்டிருந்தா நானும் நாலு வார்த்த பேசிருப்பேன், சரிக்குச் சரியாப் போயிருக்கும். அவ கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. காலடியில கெடந்த புஸ்தகத்த எடுத்து ஒதறிட்டு, "மிச்சத்த எப்பக்கா எழுதுவீங்க?"ன்னு கேட்டா.

நான் நோட்ட மூடுனேன்.

"நாளைக்கே எழுதிருங்க. ஆறிப் போச்சுன்னா வராது."

"நாளைக்கு நீ உக்காரு ரம்யா. இது உன் சோலி. நான் மேக்காட்டுக்குப் போறேன்"னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவ சேலை முந்தியால மொகத்தத் தொடைச்சுக்கிட்டா. "வேண்டாம்க்கா. நான் எங்க இருந்தாலும் எழுதிருவேன். உங்களுக்குத்தான் எடம் வேணும்"னா.

குத்திக்காட்டிச் சொல்லல. சத்தியமாச் சொல்றேன், அவ குரல்ல ஒரு பொட்டு வெசம் இல்ல. உள்ளதச் சொன்னா. சொல்லிட்டு, விட்டுட்டு வந்த களையப் பாக்க மேக்காட்டுக்கு ஏறிப் போயிட்டா.

மறுநா வெள்ளனே நான் பச்சைக் கட்டைய அடுக்கிப் புகையப் போட்டு உக்காந்தேன். மேல பாத்தா அவ குனிஞ்சு களை எடுத்துக்கிட்டு இருக்கா, நடு நடுவுல நிமுந்து இடுப்புலருந்து ஒரு தாள எடுக்கா. எனக்கு வயிறு பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. அவ கண்ணத் தூக்குறதுக்குள்ள குனிஞ்சு எழுத ஆரம்பிச்சேன்.